பிளாக்பூல் நடனப் போட்டியின் பெருமை

ஓட்டத்தில் முந்தினவனைக் கண் காட்டும். பாரம் தூக்கினவனை நிறை காட்டும். ஆடலிற் சிறந்தாரைக் காட்டுங் கருவி யாது? கலையைப் போட்டியிலிட்டு அளத்தல் தகாதென்பார் பலர். இங்கிலாந்தின் பிளாக்பூல் நடன விழா அதனை அளந்தே நூறாண்டு கடந்த புகழெய்தியது. அப்புகழின் வேர் எதுவென ஆராய்வோம்.

பிளாக்பூல் லங்காஷயர் நாட்டுக் கடற்கரை நகரம். பஞ்சாலைத் தொழிலாளர் விடுமுறை நாட்களில் திரண்டு சென்ற இடம். ஆங்கு 1896-ஆம் ஆண்டில் எழுந்த எம்ப்ரஸ் மண்டபத்தில், 1920-ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் முதல் விழா நிகழ்ந்தது. வால்ட்ஸ், டூ ஸ்டெப், ஃபாக்ஸ்டிராட் என்னும் மூன்றிற்கும் புதிய ஆடல் வகுத்தலே அன்றைய போட்டி. அதாவது, ஆடுவாரையன்றி ஆடலையே தேர்ந்தனர். 1931-இல், தொழில்முறையாளர்க்கும் அல்லாதார்க்கும் பிரிட்டிஷ் முதன்மைப் போட்டிகள் தொடங்கின. இரண்டாம் உலகப் போரால் தடைப்பட்ட விழா 1946-இல் மீண்டது. 1961-இல் லத்தீன் அமெரிக்க ஆடல்களும் இடம்பெற்றன. பெயரளவிற் பிரிட்டிஷ் போட்டியேனும், பல நாட்டினரும் ஆங்கே வந்து ஆடுகின்றனர். உலகப் போட்டியெனப் பெயர் தாங்கியன வேறுளவாயினும், பிளாக்பூல் வெற்றியையே வாழ்நாட்பேறாகக் கருதுவார் பலர்.

இதற்குக் காரணம் பொதுமுறையே என்பது நம் துணிபு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அச்சாக்கிற்கு ஆங்கு இடமில்லை. கூடமும் ஒன்று, இசையும் ஒன்று, பல இணைகள் ஒருங்கே ஆடுகின்றன. நடுவர் தம்முட் கலவாது தனித்தனியே குறிக்கின்றனர். முற்சுற்றுகளில் மேற்செல்லத் தக்காரைத் தெரிவர், இறுதிச் சுற்றில் வரிசை வகுப்பர், பெரும்பான்மையே முடிவு. ஒருவர் விருப்பு ஏனையோர் கருத்தாற் சமன்படும்.

எனினும் ஒரு குறையுண்டு. நடுவராய் அமர்வோர் சிலர் ஆடல் ஆசிரியருமாவர். பொருள் கொடுத்துத் தம்பாற் பயின்றோர் எதிரே ஆடுங்கால் அவர் நெஞ்சம் கோடாதோ என்னும் முறையீடு ஆடலுலகில் நெடுநாளாக உள்ளது. நடுவர் நேர்மையுடையாராகவே இருக்கலாம். தோற்றவன் அதனை எங்ஙனம் நம்புவான்?

பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாள்மீது நம் பெயரெழுதாது எண்ணெழுதுவது எதற்காக? திருத்துவார் நம்மை அறியலாகாதென்பதற்கன்றோ? நடனப் போட்டியிலும் ஆடவன் முதுகில் எண்ணுண்டு. ஆயின், அவ்வெண் முகத்தை மறைப்பதில்லை. ஆதலின், முகம் மறைக்க இயலாத கலையில் நடுவரே விலகுதல் வேண்டும். தாம் பயிற்றியோர் ஆடும் போட்டியில் எத்துணைப் பெரியாரும் நடுவராதல் கூடாதென்பது விதியாதல் நன்று. இதனாற் சிறந்த நடுவர் சிலரை இழக்க நேரினும் நேர்க. மண்டபம் பழமையை நல்கும். இசைக்குழு இனிமையை நல்கும். பரிசிற்கு மதிப்பை நல்குவதோ தோற்றோரது நம்பிக்கையே. ‘நம்மினும் நன்றாய் ஆடினார் வென்றார்’ என அவர் மனமார உரைக்குங்காறும் பிளாக்பூலின் பெருமை குன்றாது.