அடீனியம் இலை கொட்டுகிறதா? தண்ணீர் ஊற்றும் முன் அடித்தண்டைத் தொட்டுப் பாருங்கள்!

ஐப்பசி மழை தொடங்கியதும் பால்கனி அடீனியம் செடிகளில் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். பூத்துக் குலுங்கிய செடி சில நாள்களில் மொட்டையாக நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. 'பாவம், வாடுது' என்று கூடுதலாக ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார்கள். பல நேரங்களில் செடிக்கு எமனாவது அந்தச் சொம்புத் தண்ணீர்தான்.

ஏன் இலை உதிர்கிறது?

'பாலைவன ரோஜா' என்று பெயர் இருந்தாலும், அடீனியத்துக்கும் ரோஜாவுக்கும் உறவில்லை. இது அரளி, நித்யகல்யாணி குடும்பத்தைச் சேர்ந்தது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பகுதிகள், கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியத் தீபகற்பம் ஆகியவை இதன் சொந்த ஊர்கள். கிடைக்கும் தண்ணீரைப் பருத்த அடித்தண்டில் சேமித்துக்கொள்ளும். வறட்சியோ குளிரோ வந்தால் இலைகளை உதிர்த்துவிட்டு ஓய்வெடுக்கும்.

இலைகள் வழியாகத்தான் செடி தண்ணீரை ஆவியாக வெளியேற்றுகிறது. இலை குறைந்தால் வேர் உறிஞ்சும் தண்ணீரும் குறையும். அப்போதும் வழக்கம்போல ஊற்றினால் மண் காயாது, வேர் அழுகிவிடும்.

விரலால் ஒரு பரிசோதனை

அடித்தண்டை மெதுவாக அழுத்துங்கள். கூடவே, மண்ணுக்குள் இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பாருங்கள்.

* தண்டு கெட்டியாக இருந்தால்: செடி ஓய்வில் இருக்கிறது. மழை படாத, வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். மண் முழுவதும் காய்ந்த பிறகு, கொஞ்சமாக ஊற்றினால் போதும். புதுத் துளிர் வரும் வரை உரம் வேண்டாம்.

* தண்டு சுருங்கி, மண்ணும் காய்ந்திருந்தால்: இது தாகம். கோடையில் அதிகம் நடக்கும். அடித்துளை வழியாக வழியும் அளவுக்கு ஒருமுறை நன்றாக ஊற்றுங்கள். சில நாள்களில் தண்டு மீண்டும் பருத்துவிடும்.

* தண்டு கொழகொழவென்று, மண் ஈரமாக இருந்தால்: இது அழுகல். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

அழுகிய செடியைக் காப்பாற்ற...

செடியைப் பிடுங்கி, மண்ணை உதறுங்கள். அழுகிய வேரையும் தண்டையும் சுத்தமான கத்தியால், உள்ளே பழுப்பு நிறம் துளியும் தெரியாத வரை வெட்டி எடுங்கள். வெட்டிய இடத்தில் பூஞ்சணக்கொல்லித் தூளைத் தடவி, நிழலில் ஒரு வாரம் காய வையுங்கள். காயம் நன்றாக ஆறிய பிறகு, புது மண் கலவையில் நடலாம். நட்ட முதல் வாரம் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடித்தண்டு முழுவதும் அழுகியிருந்தால், நல்ல கிளை ஒன்றை வெட்டி இதேபோல காயவைத்து நடலாம். அந்தக் கிளையாவது பிழைக்கும்.

மழை இல்லாதபோதும் கொட்டினால்?

இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளுத்து, மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது செஞ்சிலந்திப் பேன். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி வேப்ப எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். நர்சரியிலிருந்து வந்த புதுச் செடி என்றால், இடம் மாறியதால்கூட இலை உதிரலாம். இரண்டு, மூன்று வாரங்கள் பொறுங்கள். அடியில் ஒன்றிரண்டு முற்றிய இலைகள் உதிர்வது இயல்புதான்.

மண்ணும் வெயிலும்

வெறும் செம்மண்ணும் தொழுவுரமும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். கலவையில் பாதிக்கு மேல் பருமணல், செங்கல் சல்லி, பெர்லைட் போன்றவை இருக்கட்டும். துளை உள்ள மண் தொட்டி நல்லது. அடியில் தட்டு வைத்தால், தேங்கும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். தினமும் 5 முதல் 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கவாத்து, தொட்டி மாற்றுவது இரண்டையும் மாசி, பங்குனிக்குத் தள்ளிவையுங்கள்.

கவனம்!

அடீனியத்தின் பால் நச்சுத்தன்மை கொண்டது. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளுக்கு விஷமாகப் பூசியிருக்கிறார்கள். வெட்டும்போது கையுறை அணியுங்கள். கண்ணில் கை வைக்காதீர்கள். உதிர்ந்த இலைகளைக் குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வாயில் வைக்காதபடி உடனுக்குடன் கூட்டி எடுத்துவிடுங்கள்.