பழுதுபார்க்கும் கப்பலில் தீ: பழி யார் தலையில்?



போரில் குண்டு விழுந்து கப்பல் எரிவதுண்டு. ஆனால் எதிரியே இல்லாத துறைமுகத்தில், பழுதுபார்க்கக் கட்டி வைத்த போர்க்கப்பல் எரிந்து போவது ஏன்? எங்கோ எரிந்த கப்பலுக்கும் பால்வெட்டும் நமக்கும் என்ன தொடர்பு என்று எண்ண வேண்டாம். தொடர்பு உண்டு.

பழுதுபார்க்கும் நாட்களில்தான் கப்பலுக்கு ஆபத்து அதிகம். வெல்டிங் பொறி பறக்கும். சாயம், எண்ணெய்த் துணி, மரப்பலகை, அட்டைப்பெட்டி எல்லாம் குவிந்து கிடக்கும். கதவுகளின் வழியே கம்பிகளும் குழாய்களும் ஓடுவதால் அவற்றை மூட முடியாது. தீயணைக்கும் கருவிகளும் கழற்றப்பட்டிருக்கும்.

1942 பிப்ரவரியில் நியூயார்க்கில் எரிந்த 'லாஃபயட்' கப்பலைப் பாருங்கள். இலவம்பஞ்சு அடைத்த உயிர்காப்புச் சட்டைகள் குவிந்திருந்த இடத்தில் பொறி விழுந்தது. கப்பல் எரிந்து, மறுநாள் கவிழ்ந்தது. பஞ்சுக்குப் பக்கத்தில் நெருப்பு வேலை வைத்தது தொழிலாளியின் குற்றமா, வேலையை வகுத்தவரின் குற்றமா?

2020 ஜூலையில் சான் டியாகோ துறைமுகத்தில் 'பொனாம் ரிச்சர்ட்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் நான்கு நாட்களுக்கு மேல் எரிந்தது. கப்பலின் தீயணைப்பு நிலைகளில் நூற்றுக்கு 87 பயன்பாட்டில் இல்லை என்று கடற்படையின் விசாரணையே கூறிற்று. நுரையைப் பாய்ச்சும் பொத்தான் ஒன்று இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று விசாரிக்கப்பட்ட மாலுமிகள் எவருக்கும் தெரியவில்லை!

தீ வைத்ததாக ஓர் இளம் மாலுமி மீது வழக்குப் போட்டார்கள். 2022 செப்டம்பரில் இராணுவ நீதிபதி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார். கப்பல் தலைவருக்குக் கிடைத்ததோ கண்டனக் கடிதமும் சம்பளப் பிடித்தமும்!

தொழிலாளி தவறே செய்வதில்லை என்று நாம் வாதாடவில்லை. 2012இல் 'மயாமி' நீர்மூழ்கிக் கப்பலில், சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக ஒரு தொழிலாளி கந்தைத் துணிக்குத் தீ வைத்தார். 17 ஆண்டுச் சிறை பெற்றார். அது நியாயமே. அதன் பிறகு கடற்படை புதிய பாதுகாப்பு விதிகளை எழுதியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 'பொனாம் ரிச்சர்ட்' கப்பலில் அந்த விதிகள் ஏட்டளவிலேயே நின்றன. விதியைப் புறக்கணித்தவர்களில் சிறைக்குப் போனவர் யார்?

ஒருவன் தீ வைக்கலாம். பொறி தானாகவும் விழலாம். ஆனால் சிறு நெருப்பைப் பெருந்தீயாக்குவது நிர்வாகத்தின் அலட்சியமே.

சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் பட்டறையில் 1978 அக்டோபர் 12ஆம் நாள், பழுதுபார்க்க வந்த 'ஸ்பைரோஸ்' எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டதை நாம் மறக்கலாமா? மாண்டவர்கள் வேலைக்குப் போனவர்கள்; வீடு திரும்பாதவர்கள்.

ஆகவே தோழர்களே, தோட்டமாயினும் ஆலையாயினும் வேலைக்கு இறங்குமுன் கேளுங்கள்: தண்ணீர் எங்கே? வெளியேறும் வழி எங்கே? தீயணைக்கும் கருவி வேலை செய்கிறதா? பதில் இல்லையேல், சங்கத்திடம் எழுத்தில் கொடுங்கள். எரிந்த பின் பழியைச் சுமப்பதைவிட, எரியுமுன் கேள்வி கேட்பதே நமக்குப் பாதுகாப்பு!