வேலை தெரிந்தவருக்குப் பரீட்சை எதற்கு என்று கேட்பவர்களுக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஒயரிங் வேலை பார்ப்பவர்களிடம் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நாற்பது வயசுல பரீட்சையாண்ணே? நமக்கு வேலை தெரியும், அது போதும்." வீடு கட்டுகிறவர் இதற்குத் தலையாட்டுகிறார். கான்ட்ராக்டரும் தலையாட்டுகிறார். அவருக்குச் சான்றிதழ் இல்லாத நல்ல வேலைக்காரர் கிடைத்தால் லாபம். வீட்டிலும் "இனிமே படிச்சு என்ன ஆகப்போகுது" என்கிறார்கள்.

இந்தப் பதில் தவறு. பத்துப் பதினைந்து வருடம் சுவரை வெட்டிப் பைப் புதைத்து, மெயின் போர்டு வரை தனியாளாக முடித்துக் கொடுக்கிற மனிதரைக் கணக்கில் வராத ஆளாகவே கடைசிவரை நிறுத்திவைப்பது இந்தப் பேச்சுதான். அதனால் அதன் ஒவ்வொரு துண்டையும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

முதல் துண்டு: "பரீட்சை எல்லாம் படிச்சவங்களுக்கு." அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்தவர் இதைச் சொல்ல மாட்டார். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் இந்தத் தேர்வுக்கு முறையான கல்வித் தகுதி எதுவும் கேட்பதில்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் இருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. அதாவது, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மாமாவோடு ஒயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு போன பையனை நினைத்தே இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள்.

இது எவ்வளவு அரிய ஏற்பாடு என்பது, அதே கட்டடத்தில் வேறு தொழில் செய்பவர்களைப் பார்த்தால் புரியும். வரைபடம் போடுகிற ஆர்க்கிடெக்டுக்கு இந்தியாவில் தனியாக உரிமத் தேர்வு இல்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருந்தால் கட்டடக் கலைஞர் குழுவின் பதிவேட்டில் பெயர் ஏறும். முதல் பதிவேடு தயாரித்த காலத்தில், பட்டம் இல்லாமலே ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்துவந்தவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். பிறகு அந்த வழி அடைபட்டது. இன்று இருபது வருடம் ஓர் ஆர்க்கிடெக்டின் அலுவலகத்தில் வரைபடம் போட்ட ஒருவர், எத்தனை கட்டடங்களை நிமிர்த்தியிருந்தாலும், ஐந்தாண்டுப் பட்டப்படிப்புக்குத் திரும்பிப் போகாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிலைமை வேறு. அங்கே பட்டம் இல்லாதவரும் எட்டு ஆண்டுப் பயிற்சியையும் அனுபவத்தையும் காட்டி, ஆறு பிரிவுகள் கொண்ட தேசியத் தேர்வையும் அதன்மேல் மாநிலத் தேர்வையும் எழுதி உரிமம் வாங்கலாம். வேலை பார்த்துக்கொண்டே வருடக்கணக்கில் ஒவ்வொரு பிரிவாக எழுதி முடிக்கிறார்கள். தேர்வு இருக்கும் இடத்தில்தான் அனுபவத்துக்கு வழி இருக்கிறது. அந்த வழி நம் ஊர் ஒயர்மேனுக்குத் திறந்தே கிடக்கிறது. நம் ஊர் ட்ராப்ட்ஸ்மேனுக்கு அது இல்லை.

அடுத்தது வயது. "இந்த வயசுல மண்டையில ஏறாது." இலங்கையின் பெரும் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1919இல் பிறந்தவர். முதலில் வழக்கறிஞர். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, கொழும்பில் ஒரு கட்டடக் கலை நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்து, பிறகு லண்டனுக்குப் படிக்கப் போய் 1957இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. அதன் பிறகு கட்டியவைதான் அவர் பெயரைச் சொல்கின்றன. அவற்றில் ஒன்றைப் பார்க்க நாம் கடல் தாண்ட வேண்டாம். 1970களில் மதுரை கிளப்புக்காக அவர் வடிவமைத்த கட்டடம் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

பாவா வசதியான வீட்டுப் பிள்ளை, அவருக்குக் கூலி போகும் கவலை இல்லை என்று ஒருவர் சொன்னால் அது நியாயம். அப்படியானால் லண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பார்க்கலாம். உரிமம் வேண்டுமென்றால் சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துக்குள் இருக்கும் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றித் தேர்வில் நிற்க வேண்டும். இதற்குப் படிப்பவர்கள் வளர்ந்த, குடும்பம் நடத்துகிற மனிதர்கள். மூன்று நான்கு வருடம் பிடிக்கும். அப்படிப் படிக்கத் தொடங்கிய 79 பேரின் மூளையைப் படமெடுத்து, படிப்பு முடிந்தபின் அவர்களில் பலரை மீண்டும் படமெடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. தேறிய 39 பேருக்கு, இடங்களை நினைவில் வைக்கும் மூளைப் பகுதி முன்பைவிட வளர்ந்திருந்தது. படித்தும் தேறாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. மண்டையில் ஏறுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. ஒயர்மேன் படிக்க வேண்டியதோ அவர் தினமும் கையால் செய்வதைத்தான்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் வலுவான வாதம்: "வேலை தெரியும், அது போதும்." இதை நான் மதிக்கிறேன். வேலை தெரிந்த கையை எந்தப் புத்தகமும் தந்துவிடாது. ஆனால் கைக்குத் தெரியாத ஒன்று இந்தத் தொழிலில் உண்டு. அது மண்ணுக்குள் இருக்கிறது. எர்த்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் கரிசல் ஐப்பசி மழையில் நனைந்து கிடக்கும்போது நன்றாகக் கரண்டை வாங்கிக்கொள்ளும். பங்குனி சித்திரையில் அதே மண் காய்ந்து, கை நுழையும் அளவுக்கு வெடித்து, புதைத்த பைப்பை விட்டே விலகி நிற்கும். கார்த்திகையில் டெஸ்ட் பண்ணி நன்றாக இருந்த எர்த், சித்திரையில் பெயருக்குத்தான் எர்த். கணக்குப் போட்டுப் பாருங்கள். எர்த் பாதையின் தடை 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டரின் உடம்பில் பேஸ் பட்டுவிட்டது. 230ஐ 40ஆல் வகுத்தால் 5.75 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சாதாரண லோடு என்றே எடுத்துக்கொள்ளும், விழாது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும், அதன் உடம்பில் கரண்டும் இருந்துகொண்டிருக்கும், ஈரக்கையோடு யாராவது வந்து தொடும்வரை. தடை 2 ஓமாக இருந்தால் 115 ஆம்பியர் பாயும், எம்சிபி விரைவிலேயே விழுந்துவிடும். வறண்ட மண்ணில் எர்த்தை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும் என்கிறோம்.

இந்த வகுத்தல் கணக்கு, பத்து வருடம் எர்த் குழி தோண்டியவருக்கும் தானாகத் தெரிந்துவிடாது. குழியில் உப்பும் கரியும் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரிக்குப் பஞ்சமும் இல்லை. உப்பு எதற்கு, கரி எதற்கு, கோடையில் ஏன் அதில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வர வேண்டும், எர்த் டெஸ்டரில் வருகிற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் படித்தால்தான் வரும். தவறாகப் போட்ட பைப் லைன் உடனே அடைத்துக் காட்டிக்கொடுக்கும். தவறான எர்த் வருடக்கணக்கில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு ஒருநாள் ஓர் உயிரை எடுக்கும். அதனால் "நான் போட்ட ஒயரிங்ல இதுவரை ஒண்ணும் ஆகல" என்பது சான்று ஆகாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்த நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 12 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் ஒயரிங் வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள், அந்த ஒயரிங்கை நம்பி வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தேர்வுக்கு வேறு காரணமே தேவையில்லை என்பேன்.

"சான்றிதழ் வெறும் பேப்பர்தான். கையெழுத்துப் போட வேற ஆள் இருக்கார்." இப்படிச் சொல்பவர்கள் சட்டத்தையே அறியாதவர்கள் இல்லை. மின் நிறுவல் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்வது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கையெழுத்தைத் தேடுகிறார்கள். பார்க்காத வேலைக்கு ஒருவர் கையெழுத்துப் போடுகிறார், பார்த்தவரின் பெயர் எந்தத் தாளிலும் வருவதில்லை. தன் வேலையில் பெருமை உள்ள ஒருவர் இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்? பக்கத்தில் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. இப்போது வீட்டு மாடிகளிலும் சோலார் ஏறுகிறது. தெரிந்த கொத்தனார் சொல்லி வேலை கிடைக்கிற காலம் ஊருக்குள் இன்னும் இருக்கலாம். ஊர் எல்லை தாண்டினால், முகம் தெரியாத கம்பெனியின் வாசலில், அனுபவத்தைப் பேசிக் காட்ட முடியாது. தாளைத்தான் கேட்பார்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான குறை உண்டு, அதை மறுக்கப்போவதில்லை. ஐந்து வருட அனுபவத்தை எழுதிக் கொடுப்பது யார்? தினக்கூலிக்கு ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டுப் போன தொழிலாளிக்கு அப்படி ஒரு கடிதம் சுலபத்தில் கிடைக்காது. சான்றிதழ் கைக்கு வந்தால் கூலி கூட்டிக் கேட்பார் என்று தள்ளிப்போடும் கான்ட்ராக்டர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பத்துக்கு ஒரு நாள், தேர்வுக்குப் போக வர என்று கூலி போகிறது. இவையெல்லாம் உண்மையான தடைகள். ஆனால் வயதும் மூளையும் இவற்றில் எங்கே வருகின்றன? தடை வெளியில் இருக்கும்போது, என்னால் முடியாது என்று தொழிலாளி தன்மேல் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

படிப்பதற்கு நம் ஊர் நாட்காட்டியே இடம் கொடுக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டு வேலை தொடங்குபவர் குறைவு. அந்த இரண்டு மாதங்களில் மாலைக்கு ஒரு மணி நேரம் போதும். ஓம் விதி, எந்த லோடுக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் ஒயர், சர்க்யூட் படத்தின் குறிகள், எர்த் அளவீடு, ஷாக் அடித்தவருக்குச் செய்ய வேண்டிய முதலுதவி. தனியாகப் புத்தகத்தோடு உட்காருவதைவிட இரண்டு பேர் சேர்ந்து, அன்றைக்குச் செய்த வேலையையே தாளில் படமாகப் போட்டு, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. போர்டைப் பிரித்துப் பழகியவருக்கு அந்தப் படம் இரண்டு வாரத்தில் பேச ஆரம்பித்துவிடும். ஐடிஐ படிக்கிற மகனோ மகளோ வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை.

விண்ணப்பத்தைப் பற்றி அருப்புக்கோட்டை அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்திலேயே போய்க் கேட்கலாம். கான்ட்ராக்டர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்களோடு ஐந்து வருடம் ஏணியில் நின்றவருக்கு அந்த அனுபவக் கடிதத்தை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். துறையிடம் கேட்பது, அறிவிப்பு வரும்போது அதைத் திருச்சுழி, நரிக்குடி பஸ் நிலையங்களிலும் எலக்ட்ரிக்கல் கடை வாசல்களிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள் என்பது. "உச்ச வயது வரம்பு இல்லை" என்ற வரி மேலே இருக்கட்டும்.