ரொட்டியும் சம்பலும் சொல்லும் கணக்கு

நமது மக்களின் வரலாற்றை எழுத வருபவர்கள் தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்களையும், அரசாங்கச் சட்டங்களையும், துரைமார் எழுதிவைத்த குறிப்புகளையும் தேடிப் போகிறார்கள். அவை தேவைதான். ஆனால் செக்ரோலில் நம் அப்பாயி, அம்மாயிமாரின் பெயரும் வேலை செய்த நாட்களும் பிடித்த காசும்தான் இருக்கும். அன்றைக்கு அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், பிள்ளைகளின் பசியை எப்படி ஆற்றினார்கள் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. அந்தக் கணக்கு நம் வீட்டு அடுப்படியில்தான் இருக்கிறது. அதை எழுதிவைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே நமது கருத்து.

2023ஆம் ஆண்டு 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். நம் பாட்டும் கூத்தும் தப்பும் மேடையேறின. அதில் நமக்குப் பெருமைதான். ஆனால் பண்பாடு என்று பேசும்போது சமையலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது பெண்கள் அன்றாடம் செய்யும் வேலை, அதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைக்கிறோம். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நம் ரொட்டி ஒன்றே போதும்.

கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். கையிருப்பைப் பொறுத்து வெங்காயமும் பச்சை மிளகாயும். பிசைந்து, கையால் தட்டி, கல்லில் சுட்டு எடுத்தால் ரொட்டி. தொட்டுக்கொள்ளச் சம்பல். நம் தாய்மார் அதைத் தடிப்பாகத் தட்டியதற்குக் காரணம் உண்டு. விடியுமுன் எழும்பி, பிள்ளைகளைப் புறப்படுத்தி, பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு ஓட வேண்டியவளுக்கு ஒவ்வொன்றாக மெல்லிசாகச் சுட நேரம் ஏது? மலைக்குக் கட்டிக்கொண்டு போனால் கெட்டுப் போகக் கூடாது. கறி இல்லாவிட்டாலும் இறங்க வேண்டும். மறுபடி கொழுந்துக்கூடையைத் தூக்கும் வரை வயிறு தாங்க வேண்டும். அந்த ரொட்டியின் தடிப்பில் நம் வேலை நேரம் இருக்கிறது.

கோதுமை ரொட்டி நம் முன்னோர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த சாப்பாடு அல்ல. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குக் கேப்பைக்களியும் கம்பங்கூழும் சோளச்சோறும்தான் பழக்கம். இங்கே வந்த பிறகு தோட்டம் அரிசி கொடுத்தது. அதற்கான காசைச் சம்பளத்தில் பிடித்தது. 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அரிசி வரத்து நின்றுபோனது. பங்கீட்டில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. அதற்கு முன் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாத அந்த மாவைக் கொண்டு நம் பெண்கள் ஒரு சாப்பாட்டையே உண்டாக்கினார்கள்.

1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள் மறக்கவில்லை. பயிர் செய்யச் சொந்தக் காணி இல்லாத நம் மக்களைத்தான் அது கடுமையாகத் தாக்கியது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. மரவள்ளிக்கிழங்கு, சேம்பு, பலாக்காய், கீரை என்று கிடைத்ததை அவித்து உயிர் காத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கட்டசம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாய், வெங்காயம், உப்பு, இருந்தால் கொஞ்சம் மாசி. தேங்காய் சேராத சம்பல் அது. தேங்காய் வாங்க முடியாத நாளிலும் அது கைகொடுத்தது.

1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் உறவினர்கள் நீலகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் வேலை செய்தார்கள். கப்பலில் கொண்டுபோக அவர்களிடம் பெரிதாகச் சொத்து இருக்கவில்லை. ஆனால் ரொட்டியும் சம்பலும் கூடவே போயின. இந்த நாடு 1948இல் நம் குடியுரிமையைப் பறித்தது. நாம் இங்கே வாழ்ந்தோம் என்பதற்குச் சான்று அங்கே போனவர்களின் அடுப்பிலும் இருந்தது.

இப்படியான அறிவு இன்று நம் கண்முன்னே குறைந்துகொண்டு வருகிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கொடுக்கும் பக்குவம் ஒவ்வொரு லயத்திலும் இரண்டொரு கிழவிகளுக்குத்தான் தெரியும். மிளகு எவ்வளவு, சுக்கு எவ்வளவு, பூண்டு எவ்வளவு என்பது அவர்கள் கையளவில் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும். மலை ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் மணித்தக்காளியும் பறித்துவந்து சுண்டிய காலம் இருந்தது. புல்லுக்கு மருந்தடிக்கிற மலையில் பறிக்க இன்று பயமாக இருக்கிறது. எந்தக் கீரை எந்தக் கோளாறுக்கு நல்லது என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே போகிறது. பள்ளிக்கூடத்தில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூச்சப்படும் பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள்.

இதில் நாம் ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். நம் சாப்பாட்டைப் புகழ்வது வேறு, நம் வறுமையைப் புகழ்வது வேறு. சுற்றுலாப் பயணிகளுக்குத் தேங்காய் ரொட்டியையும் சம்பலையும் மலையகப் பாரம்பரியம் என்று அழகாகப் பரிமாறலாம். அதைக் கண்டுபிடித்தவர்களின் வீட்டில் தேங்காய் உண்டா என்றுதான் நாம் கேட்கிறோம். 2022இல் கோதுமை மாவின் விலை எங்கே போனது, 2024 முடிவில் தேங்காய் விலை எங்கே போனது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரொட்டியில் தேங்காய்ப்பூ குறைந்து குறைந்து, கடைசியில் வெறும் மாவும் உப்பும்தான் மிஞ்சியது.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு அரசாங்கமே செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டப் பகுதியில் சுமார் 32 வீதம். "உங்கள் ஆட்கள் ரொட்டியையே சாப்பிடுகிறார்கள், சத்தான சாப்பாடு தெரியாது" என்று சிலர் நமக்குப் புத்தி சொல்ல வருகிறார்கள். தெரியாமல் இல்லை. கீரையும் பருப்பும் நெத்தலிக் கருவாடும் முட்டையும் நம் தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். வாங்கக் காசும், பயிரிடக் காணியும், சமைக்க நேரமும்தான் இல்லை. தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுடக்கூட முற்பணம் வாங்கி, பிறகு மாதக்கணக்கில் சம்பளத்தில் கழிய விடுகிறோம்.

ஆகவே சமையலைப் பாதுகாப்பது என்பது தொழிற்சங்க வேலையும்தான். சம்பளப் பேச்சு நடக்கும்போது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை நம் அடுப்படியிலிருந்தே கணக்குப் போட்டு மேசையில் வைப்போம். வீடு கட்ட ஏழு பேர்ச் காணி பற்றிப் பேசும்போது, கீரையும் கிழங்கும் போட மரக்கறித் தோட்டத்துக்கும் இடம் கேட்போம். கீரை பறிக்கிற இடங்களிலும் லயத்து ஓரங்களிலும் தண்ணீர் எடுக்கும் ஊற்றுப் பக்கத்திலும் மருந்தடிக்கக் கூடாது என்று தோட்டக் கமிட்டி எழுத்தில் கொடுக்கட்டும்.

அதோடு ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொப்பி தொடங்குவோம். மாதர் பிரிவு மட்டும் செய்தால் போதாது; வாலிபர்களும் ஆண்களும் சேர வேண்டும். அப்பாயி, அம்மாயிமாரிடம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். சமையலின் பெயரையும் அளவையும் மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். யார் சொல்லிக் கொடுத்தது, அவர்களின் ஊர் எது, எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் சமைத்தது, சாமான் இல்லாதபோது எதைக் குறைத்தார்கள், எதைச் சேர்த்தார்கள், அன்றைக்குப் பேர் போட்டால் எவ்வளவு சம்பளம் என்பதையும் கேளுங்கள். எழுதும்போது அவர்களின் பேச்சை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். கிழவிகள் "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிரிப்பார்கள். விடாமல் கேளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, கைவேலை இல்லாத ஒரு மணி நேரத்தில், உங்கள் லயத்தில் வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். நிறைந்த கொப்பிகளைத் தோட்டத் தலைவர், தலைவியரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது அவற்றையும் நாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.