பொருத்து வீடு: விலையும் பெறுமதியும்

கனடாவில், ஸ்காபரோவில் வாழும் என் பழைய நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்றுவிட்டார். இனி ஆண்டில் நான்கு மாதங்களையாவது யாழ்ப்பாணத்தில் கழிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். தந்தையாரின் காணி இருக்கிறது; அதில் நின்ற வீடு போரில் போய்விட்டது. "தொழிற்சாலையில் செய்து, கொண்டுவந்து பொருத்திவிடுகிறார்களாம். மேசனைத் துரத்தித் திரிய வேண்டியதில்லை. நீர் என்ன சொல்லுகிறீர்?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. 'பொருத்து வீடு' என்ற சொல்லுக்கு வடக்கில் ஒரு வரலாறு உண்டு.

போரினால் வீடிழந்தவர்களுக்காக வடக்கு, கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் திட்டத்தை 2016 ஆம் ஆண்டளவில் மீள்குடியேற்ற அமைச்சு முன்வைத்தது. ஆர்செலோர் மித்தல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனம் அவற்றைச் செய்து தருவதாக இருந்தது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அக்காலத்தில் அதே அமைச்சின் கல்வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட தொகை 8 இலட்சம். 2012 இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் அது 5 இலட்சத்து 50 ஆயிரம். ஓர் உருக்கு வீட்டின் விலையில் இரண்டு கல்வீடுகளைக் கட்டிய பின்னும் கையில் காசு மிஞ்சும் என்பதற்குப் பொருளியல் நிபுணர் தேவையில்லை.

விலை உயர்ந்ததற்குக் காரணம் உருக்கு மட்டுமன்று. தளபாடம், தொலைக்காட்சி, எரிவாயு அடுப்பு என்பனவும் வீட்டோடு சேர்ந்து வந்தன. ஊரெழுவில் அமைத்த மாதிரி வீட்டை நானும் போய்ப் பார்த்தேன். பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் விறகு எரித்துச் சமைக்கும் வன்னிப் பெண் அந்தக் குசினிக்குள் என்ன செய்வாள் என்பதே எனக்குள் எழுந்த முதற் கேள்வி. அத்திபாரம், காற்றோட்டம், வெப்பம், கடற்கரை உப்புக் காற்றில் இரும்பின் ஆயுள் என்பன பற்றிப் பொறியியலாளர்கள் கேள்விகளை அடுக்கினர். மாகாண சபையும் கூட்டமைப்பினரும் எதிர்த்தனர். திட்டமிட்ட அந்த 65,000 வீடுகள் கடைசிவரை எழவில்லை.

அந்த எதிர்ப்பு சரியானது என்றே அன்றும் கருதினேன், இன்றும் கருதுகிறேன். கல்வீடு கட்டினால் மேசனுக்கும் தச்சனுக்கும் கல்லரியும் தொழிலாளிக்கும் கூலி கிடைக்கும். பணம் ஊருக்குள்ளேயே சுற்றும். மகளுக்குத் திருமணமானால் பக்கத்தில் ஓர் அறையை இறக்கலாம். சுவர் வெடித்தால் ஊர் மேசனே பூசுவார். பொருத்து வீட்டின் ஒரு பலகை பழுதானால் அதைச் செய்தவனையல்லவா தேட வேண்டும்?

எனினும் நாம் எழுதாமல் விட்ட பக்கமும் ஒன்று உண்டு. அந்த உருக்கு வீட்டுக்குப் பல்லாயிரம் குடும்பங்கள் விண்ணப்பித்திருந்தன. அவர்களை ஏமாளிகள் என்று சொல்வது எமக்கு எளிதாக இருந்தது. கிளிநொச்சிப் பக்கம் கொட்டிலில் இருந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "தம்பி, கல்வீட்டுக் காசு கட்டங்கட்டமாகத்தானே வரும். அத்திபாரம் போட்டு முடிய மணல் விலை ஏறிவிடும். மேசன் முற்பணத்தோடு போனால் நான் யாரைப் பிடிப்பது?" கணவரை இழந்தவர். அயலில் நகையை அடைவு வைத்தும் கதவு போட முடியாமல் நின்ற வீடுகளை அவர் பார்த்திருந்தார். சில நாட்களில் எழுந்து நிற்கும் வீட்டை அவர் விரும்பியதில் என்ன மடமை? எட்டு இலட்சத்தோடு, வேலையை மேற்பார்வை செய்ய ஒருவரையும் கொடுத்திருந்தால் அவர் உருக்கைக் கேட்டிருக்க மாட்டார்.

நண்பருக்கு வருகிறேன். கனடாவில் பொருத்து வீட்டுக்கு நியாயம் உண்டு. அங்கே பனிக்காலம் வெளிவேலையை முடக்கும்; கூலியும் மிக அதிகம். கூரைக்குள் இருந்து ஆண்டு முழுவதும் செய்யும் தொழிற்சாலை இரண்டையும் குறைக்கிறது. யாழ்ப்பாணத்தில் மழைக்காலம் போக மற்ற மாதங்களில் தடையின்றிக் கட்டலாம். ஆனால் தூரத்தில் இருப்பவருக்கு இங்கு நடக்கும் வேலையை மேற்பார்வை செய்வதே பெரிய செலவு. உறவினரை அமர்த்தினால் அந்த உறவையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். (இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, விரிவாக எழுதினால் வீட்டில் சண்டை வரும்.) அந்த வகையில் நிச்சயித்த விலையும் நிச்சயித்த நாளும் அவருக்குப் பெரிய இலாபம்.

ஆனால் விளம்பரத்தில் போடும் விலை வீட்டின் விலை மட்டுமே. அத்திபாரம், கிணறு, மலக்குழி, மின்னிணைப்பு, ஏற்றுக்கூலி, பாரந்தூக்கி எல்லாம் புறம்பு. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருக்கக் குளிரூட்டி வேண்டும். மாதாமாதம் மின்கட்டணம் வரும். விற்க நினைத்தால் ஊரில் இதை வாங்குபவர் எத்தனை பேர்? ஈடு வைத்தால் வங்கி எவ்வளவு மதிக்கும்? இவற்றை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கும்படி சொன்னேன்.

விலைப்பட்டியலை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் நேற்று அவருடைய காணிப் பக்கம் போய், ஒழுங்கையை அளந்து பார்த்தேன். வேலிக்கு வேலி ஒன்பது அடி. நடுவில் ஒரு முடக்கு. பாரந்தூக்கி வாகனம் எந்த வழியால் வரும் என்று முதலில் கேளும் என்று இன்று அவருக்கு எழுதியிருக்கிறேன்.