பிராத் ஆலயத்தில் ஒரு முதிய இசைஞர்

தென் பிரான்சின் லூர்து திருத்தலத்தை அறியாத கத்தோலிக்க இல்லம் நம்மிடையே இல்லை. பிரனீசு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த தலம் அது. அதே தொடரின் கிழக்குக் கோடியில், கனிகூ என்னும் மலைச்சிகரத்தின் நிழலில், பிராத் என்றொரு சிற்றூர் இருக்கிறது. திருப்பயணிகள் தேடிச் செல்லும் ஊரன்று. ஆயினும் 1950ஆம் ஆண்டு சூன் திங்களில் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் திரளானோர் அவ்வூரை நாடி வந்தனர். 73 வயது முதியவர் ஒருவர் செல்லோ வாசிப்பதைக் கேட்பதற்காகவே வந்தனர்.

செல்லோ என்பது வயலின் இனத்தைச் சேர்ந்த பெரிய கருவி. அமர்ந்து, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, வில்லால் வாசிப்பர். மனிதக் குரலுக்கு மிக நெருங்கிய நாதம் அதனுடையது. அக்கருவியில் ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர் எனப் போற்றப்பட்டவர் பாப்லோ காசல்ஸ். 1876 திசம்பர் 29இல் ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியா பகுதியில், எல் வென்ட்ரல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அவ்வூர்க் கோவிலின் ஆர்கன் வாசிப்பவர், பாடகர் குழுவின் தலைவர். ஐந்து வயதிலேயே மகனும் அக்குழுவில் பாடினான். ஆர்கன் கற்பதற்கு மட்டும், கால்கள் மிதிகட்டைகளை எட்டும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

1890ஆம் ஆண்டு, பார்சிலோனா நகரின் பழைய கடையொன்றில் தந்தையும் மகனும் இசைச்சுவடிகளைத் தேடிக்கொண்டிருக்கையில், செபஸ்தியான் பாக் இயற்றிய ஆறு செல்லோ படைப்புகளின் தொகுதி சிறுவனின் கையில் கிட்டியது. அக்காலத்தில் அவற்றை முழுமையாக மேடையில் வாசிப்பார் எவருமிலர். வெறும் பயிற்சிப் பாடங்களென ஒதுக்கியிருந்தனர். காசல்ஸ் பன்னிரண்டு ஆண்டுகள் தனிமையில் பயின்ற பின்னரே அவற்றுள் ஒன்றைப் பொதுமக்கள் முன் வாசித்தார். இன்று இரண்டு மாதப் பயிற்சியில் அரங்கேற்றத்துக்கு நாள் குறிக்கும் பெற்றோர் இதனைச் சற்றே கவனிப்பாராக.

ஸ்பெயின் உள்நாட்டுப் போர் 1936 முதல் 1939 வரை நிகழ்ந்தது. காசல்ஸ் குடியரசின் பக்கம் நின்றார். வென்றவர் ஃபிராங்கோ. இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. ஸ்பெயின் ஆயர்களுள் மிகப் பெரும்பாலோர் ஃபிராங்கோவையே ஆதரித்தனர். 1937இல் கூட்டறிக்கையும் விடுத்தனர். குடியரசுப் பகுதிகளில் ஏறக்குறைய 7,000 குருக்களும் துறவியரும் கொல்லப்பட்டிருக்க, அவர்கள் வேறு பக்கம் சாய்ந்திருப்பார்களென எதிர்பார்ப்பதும் எளிதன்று. ஆனால் எதிர்த்தரப்பில் நின்றோர் யாவரும் கடவுளை மறுத்தவர்கள் என்று நினைப்பதும் தவறு. காசல்ஸ், மொன்செராத் மலைமேல் உள்ள ஆசீர்வாதப்பர் சபை மடத்துக்கென மாதா பாடல்களை அமைத்துக் கொடுத்தவர். அந்த மடத்துத் துறவியரும் போரில் கொல்லப்பட்டனர் என்பதை எண்ணும்போதே அவர் உள்ளத்தின் பாரம் நமக்கு ஓரளவு விளங்கும்.

நாடிழந்த காசல்ஸ் பிராத் நகரில் அடைக்கலம் புகுந்தார். அருகிலிருந்த முகாம்களில் அடைபட்டிருந்த ஸ்பெயின் அகதிகளுக்கு உணவும் உடையும் சேகரித்துக் கொடுப்பதும், அவர்களுக்காகக் கடிதங்கள் எழுதுவதுமே அவரது தொழிலாயிற்று. நாத்சிப் படையினர் இல்லத்துக்கே வந்து, பெர்லினில் வாசிக்க வேண்டுமென அழைத்தபோது மூட்டுவலியைக் காரணங்காட்டி மறுத்ததாகத் தம் நினைவுநூலில் கூறுகிறார்.

போர் முடிந்தால் வல்லரசுகள் ஃபிராங்கோவை அகற்றும் என நம்பினார். அவை அகற்றவில்லை. ஆகவே அவ்வாட்சியை ஏற்கும் நாடுகளில் இனி வாசிப்பதில்லை என முடிவு செய்தார். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அளிக்க முன்வந்த பட்டங்களையும் மறுத்தார். இறைவன் தந்த கொடையை மூடி வைத்தல் முறையோ, இதனால் வருந்தியது சர்வாதிகாரியா, இசை விரும்பிகளா என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் வேறு படைக்கலம் ஏதுமில்லாத ஒருவர் தம் கையிலிருந்த ஒன்றையே கீழே வைத்தார்; அதனால் அவர் இழந்த பொருளும் புகழும் கொஞ்சமல்ல. அதை நான் பிடிவாதம் என்று சொல்லத் துணியேன்.

1950, பாக் இறந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்ற ஆண்டு. அலெக்சாந்தர் ஷ்னைடர் என்னும் வயலின் கலைஞர் அமெரிக்காவுக்கு வருமாறு காசல்ஸை வருந்தி அழைத்தார். அவர் இசையவில்லை. "அவர் வராவிடில் நாம் அவரிடம் போவோம்" என்னும் எண்ணம் அப்போதுதான் பிறந்தது. ஐசக் ஸ்டெர்ன், ருடோல்ஃப் செர்கின், கிளாரா ஹாஸ்கில் போன்ற பெருங்கலைஞர்கள் பிராத் வந்து சேர்ந்தனர்.

விழா நிகழ்ந்த இடம் புனித பேதுரு ஆலயம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சிற்பி சுன்யேர் மரத்தில் செதுக்கிய பீட அலங்காரம் பொன்முலாமுடன் உச்சிவரை எழுந்து நிற்கும் கோவில் அது. லூத்தரன் சபையைச் சேர்ந்த பாக்கின் இசை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, கத்தோலிக்கப் பீடத்தின் முன் ஒலித்தது. முதல் நாள் மாலை காசல்ஸ் தனியே அமர்ந்து, சிறுவயதில் கண்டெடுத்த அந்தத் தொகுதியின் முதற் படைப்பை வாசித்தார். ஆலயமாதலால் கைதட்டல் கூடாதென்று விதித்திருந்தனர். கேட்டவர்கள் எழுந்து மௌனமாக நின்றனர். திருப்பலி நடுவே பாடகர் குழுவுக்குக் கைதட்டும் வழக்கம் நம் பங்குகளில் பரவிவரும் இந்நாளில், அந்த மௌனத்தில் எனக்குப் பெரும் விருப்பம் உண்டு. அங்கே கலைஞருக்குரிய மரியாதையும் குறையவில்லை, ஆலயத்துக்குரியதும் குறையவில்லை.

பின் வந்த ஆண்டுகளில் விழா அருகிலுள்ள குக்ஸா புனித மிக்கேல் மடாலயத்துக்கும் சென்றது. 1965 முதல் அங்கே மொன்செராத் துறவியரே வாழ்ந்து வருகின்றனர்.

காசல்ஸுடன் நாடு கடந்து பிராத்தில் வாழ்ந்த கவிஞர் அலவேத்ரா, முன்பொரு கிறிஸ்து பிறப்பு விழாவில் தம் சிறுமகளின் வேண்டுகோளுக்கிணங்கி, குடிலில் வைத்த உருவங்கள் ஒவ்வொன்றும் பேசுவதாகக் கவிதை எழுதியிருந்தார். அகதியாய் ஓடியபோதும் அந்தத் தாள்களை விடவில்லை. காசல்ஸ் அதற்கு இசையமைத்து 1960இல் மெக்சிகோவில் அரங்கேற்றினார். பின்னர் சமாதானத்தின் பெயரால் நாடு நாடாய்ச் சென்று அதனை நடத்தினார். கத்தலான் மொழியில் அவர் பெயர் 'பாவ்'. அச்சொல்லுக்குச் சமாதானம் என்றும் பொருள்.

1971 அக்டோபர் 24இல், 94ஆம் வயதில், ஐக்கிய நாடுகள் மன்றத்தில் தம் நாட்டின் பழைய கிறிஸ்து பிறப்புப் பாடலான 'பறவைகளின் கீதம்' என்பதைச் செல்லோவில் வாசித்தார். 1973 அக்டோபர் 22இல் போர்த்தோ ரிக்கோவில் மறைந்தார். ஃபிராங்கோ இறந்தது 1975இல். 1979இல் காசல்ஸின் உடல் கடல்கடந்து கொண்டுவரப்பட்டு, தந்தை ஆர்கன் வாசித்த எல் வென்ட்ரல் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.