காவாலிப் பாட்டென்று கைவிடலாமா?

தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு வெளியூர் இசைக்கோஷ்டியை வரவழைப்பது இன்று மலையகமெங்கும் வழக்கமாகிவிட்டது. இரத்தோட்டைப் பகுதியும் இதற்கு விலக்கன்று. வீட்டுக்கு இவ்வளவு என்று பணந் திரட்டி, மேடையமைத்து, விளக்கலங்காரஞ் செய்து, விடிய விடியச் சினிமாப் பாட்டுக் கேட்கிறோம். கேட்பதிலே குற்றமில்லை. ஆனால் பொழுது புலர்ந்ததும் கோஷ்டி வண்டியேறிப் போய்விடுகிறது. நம் கொழுந்துக் கூடையைப்பற்றியோ, மிளகின் விலையைப்பற்றியோ, லயத்தின் கூரையைப்பற்றியோ அந்த மேடையிலிருந்து ஒரு சொல்லாவது எழுந்ததா? எழவில்லை. எழுமென்று நாமும் எதிர்பார்ப்பதில்லை.

இந்நிலையில், இரவல் கிற்றாரும் ஒரு தப்பும் கையிலெடுத்துத் தாமே பாட்டுக்கட்டிப் பாட முற்படும் இளைஞரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? “காவாலிகள்” என்கிறோம், “காதைப் பிளக்கும் கூச்சல்” என்கிறோம், கிளப்புக் கட்டடத்தின் திறப்பைக் கொடுக்க மறுக்கிறோம். படித்தவரும் பாமரரும் இவ்விடயத்தில் ஒரே கட்சியினராய் நிற்பது விந்தையே!

மேல்நாட்டில் “பங்க்” என்றொரு இசை பிறந்து ஐம்பது ஆண்டுகளாகின்றன. அவ்வாங்கிலச் சொல்லுக்கே காவாலி, உதவாக்கரை என்றுதான் பொருள். ஊரார் இட்ட வசைப்பெயரை அவ்விளைஞர் விருதுப்பெயராய்ச் சூடிக்கொண்டனர். 1976ஆம் ஆண்டு பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டி நின்ற காலம். பள்ளியை விட்டு வந்த இளைஞருக்குத் தொழிலில்லை. வானொலியிலோ அவர்களுடைய வாழ்வில்லை. கிற்றாரிலே மூன்று சுரக்கட்டுகள் தெரிந்தாற் போதும், குழு அமைக்கலாம் என்று துணிந்தனர். செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ் முதலிய குழுக்கள் இலண்டனில் எழுந்தன. தலைநகரோடு இது நின்றுவிடவுமில்லை. மான்செஸ்டர் நகரத்தின் பஸ்கொக்ஸ் என்னும் குழுவினர் உற்றாரிடமும் நண்பரிடமும் ஐந்நூறு பவுண் கடன்பெற்று, 1977 ஜனவரியில் தம் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். பெரிய கம்பனிகளின் வாசலிற் காத்துக் கிடக்க வேண்டியதில்லை என்பதை ஒரு மாகாண நகரம் மற்ற மாகாண நகரங்களுக்கெல்லாம் கற்பித்தது அன்றுதான்.

கடலுக்கப்பால் வாஷிங்டனில் இவ்விசை இன்னும் விரைவும் வன்மையும் பெற்று “ஹார்ட்கோர்” எனப் பெயர் கொண்டது. அதனை வளர்த்தவருள் பேட் பிரெயின்ஸ் என்னும் கறுப்பினக் குழுவினர் முதல்வரிசையினர். அங்கே 1980இல் இளைஞர் சிலர் தொடங்கிய டிஸ்கோர்ட் என்னும் இசைத்தட்டு நிலையம் இன்றும் பெருங் கம்பனிகளுக்கு விலைபோகாது நிற்கிறது. அவர்களுள் ஒருவர் பின்னர் அமைத்த ஃபுகாசி என்னும் குழு நுழைவுச்சீட்டைப் பெரும்பாலும் ஐந்து டொலருக்கே விற்றது. சிறுவரும் ஏழையரும் வாசலில் நின்றுவிடலாகாது என்பதே அதன் நோக்கம்.

இவையெல்லாம் வெள்ளையர் நாட்டுக் கதைகள், நமக்கென்ன என்பார்க்கு, நம்மைப்போலவே குடியேற்ற ஆட்சியும் தோட்டப்பயிரும் கண்ட இந்தோனேசியாவைக் காட்டுவோம். நடுச் சாவகத்தில் புர்பலிங்கா என்னும் சிற்றூரிலிருந்து வந்த சுக்காதானி என்னும் குழுவில் இருவரே உளர். அப்பெயரிலுள்ள “தானி” வேளாண்மையைக் குறிப்பது. முகமூடியணிந்து பாடுவதும், கேட்க வந்தோருக்குக் காய்கறி வழங்குவதும் அவர்கள் வழக்கம். எதற்கெடுத்தாலும் பொலிசுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு பாட்டுப் பாடினர். 2025 பெப்ரவரியில் முகமூடியைக் களைந்து, பொலிஸ் தலைமையிடம் மன்னிப்புக்கேட்டுப் பாட்டையும் மீளப்பெற்றனர். பாடகியாகிய ஆசிரியை வேலையையும் இழந்தார். ஆயினும் விளைந்தது என்ன? அந்த மாதமே வீதியில் இறங்கிய மாணவர் ஆயிரக்கணக்கில் அதே பாட்டைப் பாடினர். இரண்டு பேரின் குரலுக்கு ஓர் அரசயந்திரம் அஞ்சியதென்றால், அக்குரலைக் கூச்சலென்று தள்ளிவிட முடியுமா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். மேல்நாட்டவர் பங்க் என்று பெயரிடுமுன்னரே அவ்வழியிற் சென்றவர் மலையகத்தில் இருந்தனர். தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் கண்ட கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் 1930களில் தோட்டந்தோட்டமாய்ச் சென்றபோது, பாட்டே அவர்கள் படைக்கலமாயிற்று. மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடி மக்களைத் திரட்டினார். மக்கள் அறிந்த மெட்டிலே அவர்கள் துயரைச் சொல்லும் சொற்களை வைத்தார். 1940இல் அவை சிறு நூலாகவும் வந்தன. சங்கீத வித்துவான்கள் அவற்றை மெச்சினார்களா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டவர் நெஞ்சு நிமிர்ந்தது, அது போதும். பின்னர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் நாட்டுப்பாடல்களைத் தேடித்தொகுத்து வைத்திராவிடில், கங்காணியைத் திட்டியும் துரையைக் கேலிசெய்தும் நம் பாட்டிமார் பாடியவை காற்றோடு போயிருக்கும்.

தமிழகத்தில் இதன் தொடர்ச்சியைக் காணலாம். இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்று அமைத்த தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் குழு 2018 ஜனவரியிற் சென்னையில் முதன்முதல் மேடையேறியது. வடசென்னைக் கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் அங்கே ஒன்றுகூடின. “சாதியற்ற தமிழர்” என்று அயோத்திதாசப் பண்டிதர் உரைத்ததே அக்குழுவின் பெயருக்கு மூலம். மார்கழிச் சபாக்களில் இடம்பெறாத வாத்தியமும் வசனமும் பல்லாயிரவர் முன்னே ஒலித்தன.

அக்குழுவில் வளர்ந்த அறிவு 2021இல் பாடகி தீயுடன் பாடிய “என்ஜாயி எஞ்சாமி” உலகெங்கும் பரவியதை அறியாதார் யார்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்தே அப்பாட்டுப் பிறந்ததென்று அவர் கூறியிருக்கிறார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரைத் தலைகளாய் எண்ணி இந்தியாவுக்கென்று பங்கிட்டது. அவ்வாறு எண்ணப்பட்ட மக்களின் கதை பாட்டாக வந்தபோது உலகம் செவிசாய்த்தது. நமக்கு அதிலே பெருமையுண்டு. உறுத்தலும் உண்டு. நம் தோட்டத்துப் பாட்டியின் கதையை, நம் தோட்டத்திலே ஒரு மேடை கொடுத்துக் கேட்க நாம் ஏன் தவறினோம்? இன்னொரு பாடமும் உண்டு. புகழ் பெருகியபின் பெயர் யாருக்கு, வருவாய் எங்கே என்ற சச்சரவு அப்பாட்டைச் சூழ்ந்துகொண்டது. பாட்டைப் படைப்பவர் அதன் உரிமையையும் தம் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை மான்செஸ்டரிலும் வாஷிங்டனிலும் கண்டோம். சென்னையும் அதனையே உரைக்கிறது.

தப்பைப்பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். பிரட்டுக்கு ஆள் திரட்டவும், காமன் கூத்துக்கும், சாவுக்கும் தோட்டத்தில் அது முழங்கியது. ஆனால் அதனை அடிக்கும் கடமையைச் சில குடும்பங்களின் தலையிலே கட்டி, அடித்த கையையே தீண்டத்தகாதது என்றவர்களும் நாமே. “இந்த இழிவு இனி வேண்டாம்” என்று தப்பைத் துறந்தோரை எவரும் குறைகூற முடியாது. “இது எங்கள் கலை” என்று தலைநிமிர்ந்து ஏந்துவோரையும் தடுக்க முடியாது. தீர்வு ஒன்றே: எவரும் பிறப்பினால் தப்படிக்கக் கட்டாயப்படுத்தப்படலாகாது, அடிக்க விரும்பும் எவருக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், எக்குலத்தவராயினும், அது கற்பிக்கப்பட வேண்டும். ஆசிரியரின் மகளும் வைத்தியரின் மகனும் ஒரே மேடையில் தப்பேந்தும் நாளில் அந்தத் தோலில் ஒட்டிய சாதி உதிர்ந்துபோகும்.

“கூலிக்கே போராட்டம், இதிலே பாட்டு எதற்கு?” என்பர் சிலர். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்படுமுன் எத்தனை ஆண்டுகள் வாதாடினோம்! அவ்வாதம் பெரும்பாலும் சம்மேளனங்களுக்கும் சங்கத் தலைவருக்கும் அமைச்சருக்கும் இடையே நடந்தது. கொழுந்து பறிப்பவளின் குரல் அதில் எங்கே கேட்டது? தன் குறையைத் தன் சொல்லாற் சொல்லப் பழகாத சமுதாயத்துக்குப் பிறர் பேசிக்கொண்டேயிருப்பர். தலைவர் மாறுவர், பேசப்படுவோர் மாறார்.

“ஒழுக்கம் கெடும், மது புகும்” என்பர் வேறு சிலர். மது புக மேடை வேண்டுவதில்லை. அது முன்னரே நம் லயங்களிற் குடிபுகுந்துவிட்டது. உரத்து முழங்குவதெல்லாம் நன்மை என்றும் நாம் கூறவில்லை. பிரித்தானியாவில் இதே இசையை இனவெறிக்குப் பயன்படுத்தியோரும் உண்டு. அவர்களை எதிர்த்து 1978 ஏப்ரலில் இலண்டன் விக்டோரியா பூங்காவிலே பல்லாயிரவரைக் கூட்டிப் பாடியோரும் பங்க் இளைஞரே. திறந்த மேடையில் தீச்சொல்லை நற்சொல் எதிர்கொள்ளும். பூட்டிய மண்டபத்தில் இரண்டுமே பிறவா.

ஆகவே இரத்தோட்டை, கம்மடுவைப் பகுதித் தோட்டப் பெரியோரிடமும், மாத்தளை நகரில் தொழில் பார்க்கும் நம் படித்த மக்களிடமும், மிளகும் ஏலமும் காய்கறியும் பயிரிடும் உழவரிடமும் நாம் கேட்பது மிகையன்று. திருவிழா மேடையில் முதல் ஒரு மணி நேரத்தை ஊர்க் குழுவுக்கு ஒதுக்குங்கள். வெளியூர்க் கோஷ்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒலிபெருக்கிக்கும் வாத்தியத்துக்கும் கொடுங்கள். கிளப்புக் கட்டடத்தை வாரத்தில் ஒரு மாலை திறந்துவிடுங்கள். பாட்டின் சொல்லைத் திருத்த முற்படாதீர்கள். மேடையில் எந்தக் கட்சிக் கொடியையும் கட்டாதீர்கள்.

2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து வந்தனர். காட்டுவழியில் மாண்டோரின் பாதை அது. அந்நடை முடிந்த இடம் நம் மாவட்டம். நடந்த கதையை நாம் மறக்கவில்லை. அதனைப் பாடும் வாயை மட்டும் ஏன் அடைக்க வேண்டும்? சுருதி சற்றே பிசகட்டும். தாளம் தடுமாறட்டும். இரத்தோட்டையின் பாட்டை இரத்தோட்டையின் பிள்ளைகள் பாடட்டும்!